புதுப்பிப்பு: வீட்டுக்கடன் தவணைக் கணிப்பான்

கோத்தகிரி நண்பரின் இணையதளத்துக்கு எழுதும் கணிப்பானில், வட்டி 0 என்று போட்டால் விடையே வருவதில்லை, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். வட்டி 0 என்றால் சூத்திரத்தில் வகுக்கும் எண் பூஜ்ஜியமாகிவிடுகிறது; அதற்கு மட்டும் அசலை மாதங்களால் வகுத்தால் போதும். சரி, அது முடிந்தது.

பெரிய வேலை, இடையில் மொத்தமாகக் கட்டும் தொகைதான். இங்கே பச்சைத் தேயிலை விற்பவர்களுக்கு வரவு மாதாமாதம் ஒரே மாதிரி இருக்காது. நல்ல விலை கிடைக்கும்போது கடனைக் குறைக்கப் பார்ப்பார்கள். அதற்கு ஒற்றைச் சூத்திரம் உதவாது. ஒவ்வொரு மாத மீதியையும் கணக்கிடும் லூப் (ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்யும் நிரல் துண்டு) வேண்டும். 20 லட்சம், 9 சதவீதம், 20 வருடம் என்றால் தவணை சுமார் 17,995 ரூபாய். முதல் மாதம் அதில் 15,000 வட்டிக்கே போகிறது! தவணை இப்படி வட்டி, அசல் என்று பிரிவதைக் கண்ணில் படும்படி காட்டாத கணிப்பானால் பயனில்லை. அப்புறம், தவணையைத் தோராயமாக்குவதில் வரும் பைசா மிச்சத்தையும் கடைசித் தவணையில் சேர்த்துவிட்டேன்.