சூசரைன்ட்டிக்கு ‘மேற்கோன்மை’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சூசரைன்ட்டி (suzerainty), அதாவது ஒரு நாட்டின் உள்நாட்டு ஆட்சியை அதனிடமே விட்டுவிட்டு வெளியுறவை மட்டும் இன்னொரு அரசு தன் கையில் வைத்திருக்கும் நிலை, இதற்குத் தமிழில் என்ன சொல் என்று பூட்டான் கட்டுரையை மொழிபெயர்க்கும் அம்மா போன வாரம் கேட்டிருந்தார். அதற்கு இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: மேலாதிக்கம், திறையாட்சி, அரை இறையாண்மை. மூன்றுமே எனக்கு உறுத்துகின்றன. ஏன் என்று சொல்லிவிட்டு என் சொல்லை வைக்கிறேன்.

மேலாதிக்கம் என்பதை ஹெஜமனிக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். அதைப் படித்தால் ஒரு வல்லரசு தன் பலத்தால் அழுத்துவதுதான் மனதில் வரும். சூசரைன்ட்டி அப்படியல்ல, அது எழுதிக் கையெழுத்துப் போட்ட ஏற்பாடாகவும் இருக்கும். 1910ஆம் ஆண்டின் புனாக்கா உடன்படிக்கையைப் பாருங்கள். பூட்டானின் உள்நாட்டு நிர்வாகத்தில் தலையிட மாட்டோம் என்று பிரிட்டிஷார் ஒப்புக்கொள்கிறார்கள். வெளியுறவில் பிரிட்டிஷாரின் ஆலோசனைப்படி நடப்பதாகப் பூட்டான் ஒப்புக்கொள்கிறது. 1949இல் இந்தியாவோடு டார்ஜிலிங்கில் செய்துகொண்ட உடன்படிக்கையின் 2ஆம் பிரிவும் ஏறக்குறைய இதேதான். வீட்டுக்குள் ஒருவர் ஆட்சி, வாசலுக்கு வெளியே இன்னொருவர் பேச்சு. நாம் ஆக்கும் சொல்லில் இது தெரிய வேண்டும்.

திறையாட்சி கேட்க அழகாக இருக்கிறது. சிற்றரசன் பேரரசனுக்குத் திறை கட்டுவது நமக்குப் பழகிய காட்சி. ஆனால் ஐயா, பூட்டானில் பணம் எதிர்த்திசையில் போனது! 1865இல் சிஞ்சுலா உடன்படிக்கைப்படி அடிவாரத்துத் துவார் நிலங்களை எடுத்துக்கொண்ட பிரிட்டிஷார், அதற்கு ஈடாகப் பூட்டானுக்கு ஆண்டுதோறும் பணம் கொடுத்தார்கள். 1910இல் அது 1 லட்சம் ரூபாய் ஆனது, 1949இல் இந்தியா 5 லட்சம் தர ஒப்புக்கொண்டது. பெரியவர் சின்னவருக்குக் கொடுப்பதைத் திறை என்று எப்படிச் சொல்வது?

அரை இறையாண்மையைப் பற்றி நீட்டத் தேவையில்லை. எந்த அரை என்று அது சொல்வதில்லை.

என் பரிந்துரை: மேற்கோன்மை. மேல் + கோன்மை. குறளில் செங்கோன்மை, கொடுங்கோன்மை என்று அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்களே இருக்கின்றன, அதனால் கோன்மை நமக்குப் புதிதல்ல. அந்த உரிமையை வைத்திருக்கும் அரசை மேற்கோன் எனலாம். கீழே இருக்கிற கோனும் கோன்தான், அவனுக்கு மேல் ஒருவன் இருக்கிறான், அவ்வளவுதான் என்பது சொல்லிலேயே வந்துவிடுகிறது. எனக்கு இது பிடித்ததே அதனால்தான். குடியரசுக்குக் கோன் என்ற சொல் ஏது என்று கேட்பீர்கள். இறையாண்மையில் உள்ள இறையும் அரசனைக் குறித்த சொல்தானே? இலங்கை அரசியலமைப்பின் தமிழ் வடிவத்தில் மக்களுக்கு உரியது என்று சொல்லப்படும் இறைமையும் அதே வேர்தான். மேற்கோள் என்று கண் தவறிப் படிக்கும் ஆபத்து உண்டு, அதை மறைக்கவில்லை. இரண்டு முறை படித்தால் பழகிவிடும் என்று நம்புகிறேன்.

சிக்கிமுக்கு இதே சொல்லைப் போட்டுவிடாதீர்கள். 1950 உடன்படிக்கை அதை வெளிப்படையாகவே புரொடெக்டரேட் ஆக்கியது. பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு மூன்றும் இந்தியாவிடம் வந்தன. அதற்குக் காப்புநாடு என்ற சொல் போதும். 1975இல் சிக்கிம் இந்தியாவின் 22ஆவது மாநிலமானது. பூட்டானோ 1971இலேயே ஐ.நா. உறுப்பினராகிவிட்டது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் வாசகருக்கு இந்த வேறுபாடு எங்கே தெரியும்?

என் மாமாவின் தபால்தலைச் சேகரிப்பில் பூட்டானுடையது ஒன்று உண்டு. கையகலம்கூட இல்லாத கறுப்பு இசைத்தட்டு. பின்தாளை உரித்தால் உறையில் ஒட்டலாம், ரெக்கார்டு பிளேயரில் வைத்தால் பாடும். வெளியுறவில் இன்னொருவர் ஆலோசனைப்படி நடக்க ஒப்புக்கொண்ட ஒரு நாடு தன் குரலை அஞ்சலில் அனுப்பிக்கொண்டிருந்தது. மேற்கோன்மைக்குக் கீழும் ஒரு நாட்டுக்கு முகம் உண்டு. மேலாதிக்கம் என்று எழுதினால் அது அழிந்துபோகிறது.

அப்புறம், கட்டுரையின் பிற்பகுதி. அம்மா, அங்கே பூட்டான் அரசு விதித்த உடை, நடத்தை விதிகளைப் ‘பண்பாட்டு இறையாண்மை’ என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து மாற்றிவிடுங்கள். சிக்கிமுக்கு நேர்ந்தது தங்களுக்கும் நேருமோ என்ற அச்சம் பூட்டான் தலைநகரான திம்புவுக்கு இருந்தது உண்மை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 1989இல் அந்த அச்சம் யார் மேல் விழுந்தது? ஆண்களுக்கு கோ, பெண்களுக்கு கிரா என்ற உடை ஆணை எல்லாருக்கும் வந்தது. கோ என்பது முழங்கால்வரை தூக்கி, இடுப்பில் இறுக்கிக் கட்டி, நெஞ்சுக்குக் கீழே பை போலத் தொங்கவிடும் கனத்த நெசவு அங்கி, குளிர்ந்த பள்ளத்தாக்குகளுக்கு ஏற்றது. தெற்கே வெயில் கொளுத்தும் அடிவாரத்தில் இருந்த நேபாளி பேசும் லோட்ஷாம்பா மக்களும் அதையே உடுத்த வேண்டியதாயிற்று. அவர்கள் பள்ளிகளிலிருந்து நேபாளி மொழிப் பாடம் எடுக்கப்பட்டது. 1990இல் போராட்டங்கள் நடந்தன. அதன்பின் கிழக்கு நேபாளத்து முகாம்களில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அகதிகளாகக் கிடந்தார்கள். இறையாண்மை என்று பெயர் வைத்தால், சொந்தக் குடிமக்களை வெளியே தள்ளியதற்கும் நாம் ஒரு மதிப்பைக் கொடுத்துவிடுகிறோம்.

இந்த விதிகளுக்குப் பூட்டானில் சொல்லும் பெயர் த்ரிக்லம் நம்ஷா. உடை, நடை, பெரியவர் முன் நடந்துகொள்ளும் முறை எல்லாம் அதில் அடங்கும். தமிழில் ஒழுகலாறு என்ற நல்ல சொல் சும்மா கிடக்கிறது. ‘அரசு விதித்த ஒழுகலாறு’ என்று எழுதலாம். யார் விதித்தது என்பது வாக்கியத்தில் நிற்க வேண்டும்.

ஆக, மூன்றாம் பத்தியின் முதல் வாக்கியத்தை இப்படி மாற்றிப் பார்க்கலாமா அம்மா: “உள்நாட்டு ஆட்சி பூட்டானிடமே இருந்தது, வெளியுறவு மட்டும் மேற்கோன்மையின் நிழலில் இருந்தது. 2007இல் திருத்திய உடன்படிக்கையில் ஆலோசனைப்படி நடக்கும் விதி இல்லை.”

இலங்கை நண்பர்கள் தங்கள் வரலாற்றுப் பாடநூல்களில் சூசரைன்ட்டிக்கு வேறு சொல் படித்திருந்தால் எழுதுங்கள். என்னுடையதைவிட நன்றாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்.