கீசர் ஓடிட்டே இருக்கும்போது கரண்ட் ட்ரிப் ஆகுது, உதவி தேவை

தாம்பரம்வாசி:
அவசரம். கீசர் போட்டா கொஞ்ச நேரம் நல்லா ஓடுது, தண்ணி சூடானதும் ட்ரிப் ஆயிடுது. தூக்கி விட்டா உடனே விழுது. தெர்மோஸ்டாட் போயிடுச்சா? வீட்ல கைக்குழந்தை இருக்கு, சீக்கிரம் சொல்லுங்க.

செம்புக்கம்பி:
எத்தனை லிட்டர், எத்தனை வாட்ஸ், வாங்கி எத்தனை வருஷம்? போர் தண்ணியா? முக்கியமா, எது விழுது? கீசருக்குன்னு இருக்கற, கரண்ட் அளவு மீறினா விழற எம்சிபியா, டெஸ்ட் பட்டன் வச்ச, கரண்ட் எர்த்துக்குக் கசிஞ்சா விழற ஆர்சிசிபியா?

சேலத்தான்:
லோ வோல்டேஜ்தான் காரணம். ஸ்டெபிலைசர் போடுங்க, சரியாயிடும்.

வயர்மேன்_மூத்தவர்:
சேலத்தான், ஓம் விதியை ஒரு தடவை படிச்சிட்டு வாங்க. தண்ணியைச் சூடாக்கற 2000 வாட்ஸ் எலிமெண்டுக்கு ரெசிஸ்டன்ஸ் 26 ஓம் சொச்சம். 230 வோல்ட்ல 8.7 ஆம்பியர் இழுக்கும், 180ல 6.8 தான். வோல்டேஜ் குறைஞ்சா கரண்டும் குறையும், எப்படி ட்ரிப் ஆகும்? தம்பி, எது விழுதுன்னுகூட பாக்காம தெர்மோஸ்டாட்னு முடிவு பண்ணாதீங்க. தெர்மோஸ்டாட் போனா தண்ணி சூடாகாது, இல்லன்னா கொதிச்சு, கீசருக்குள்ளயே இருக்கற பாதுகாப்பு கட்-அவுட் துண்டிக்கும். மெயின் போர்டுல ஒண்ணும் விழாது.

தாம்பரம்வாசி:
15 லிட்டர், 2000 வாட்ஸ், ஆறு வருஷம். போர் தண்ணி. டெஸ்ட் பட்டன் இருக்கறதுதான் விழுது. சில நேரம் கீசர் சுவிட்ச் ஆஃப்ல இருந்தாலும் விழுது.

செம்புக்கம்பி:
அந்தக் கடைசி வரியை முதல்லயே சொல்லியிருக்கணும். சுவிட்ச் ஃபேஸை மட்டும்தான் துண்டிக்குது, நியூட்ரல் எலிமெண்டோட ஒட்டியேதான் இருக்கு. எலிமெண்ட் எர்த்துக்குக் கசிஞ்சா, வீட்ல வேற ஏதாவது ஓடும்போது நியூட்ரல் கரண்ட்ல ஒரு பங்கு அந்த வழியா எர்த்துக்குப் போகும், ஆர்சிசிபி விழும். இப்பவே பிளக்கைப் பிடுங்கி வைங்க.

போர் தண்ணில உப்பு எலிமெண்ட் மேல சுண்ணாம்பு மாதிரி படியும். சூடு தண்ணிக்குப் போகாம எலிமெண்டோட உலோக உறையிலேயே தங்கி, உறை வெடிப்பு விடும். உள்ள இருக்கற மெக்னீசியம் ஆக்சைடு பொடி ஈரம் இழுத்ததும் கரண்ட் கசியும். சூடு ஏறினா வெடிப்பு விரியும், அதான் கொஞ்ச நேரம் கழிச்சு விழுது.

உறுதி பண்ண: கீழ்மூடியைக் கழட்டி எலிமெண்டோட ரெண்டு வயரையும் எடுத்து, முனைகளை டேப் சுத்தி, மூடியை மாட்டிட்டு ஆன் பண்ணுங்க. விழலேன்னா எலிமெண்ட்தான். மல்டிமீட்டர் சின்ன பேட்டரி வோல்டேஜ்ல பாக்கறதால நல்லா இருக்குன்னே காட்டலாம். எலக்ட்ரீஷியன்கிட்ட 500 வோல்ட் மெக்கர் (கசிவு பாக்கற மீட்டர்) இருந்தா, சூடா இருக்கும்போதே டெர்மினலுக்கும் பாடிக்கும் நடுவுல பாக்கச் சொல்லுங்க. ஒரு மெகா ஓமுக்குக் கீழ இருந்தா மாத்தியே ஆகணும்.

சேலத்தான்:
அதுவரைக்கும் ஆர்சிசிபியை பைபாஸ் பண்ணிக்கலாமே, குழந்தைக்கு சுடுதண்ணி வேணுமில்ல?

செம்புக்கம்பி:
தயவுசெஞ்சு யாரும் இதைச் செய்யாதீங்க. 30 மில்லி ஆம்பியர்ல அது விழறதே உயிரைக் காப்பாத்தத்தான். எர்த் சரியில்லாத வீடா இருந்தா அந்தக் கசிவு குழாய்த் தண்ணி வழியா குளிக்கிறவங்க மேல பாயும். ரெண்டு நாள் அடுப்புல தண்ணி காய்ச்சுங்க.

அண்ணாநகர்_ரவி:
எலிமெண்ட் சீக்கிரம் போறதுக்கு அடிக்கடி ஆன் ஆஃப் பண்றதுதான் காரணம். நாள் முழுக்க ஆன்லயே விடுங்க. கரண்ட் பில்லும் குறையும்.

வயர்மேன்_மூத்தவர்:
குறையாது. 15 லிட்டரை 28 டிகிரில இருந்து 60க்குக் கொண்டுவர 0.56 யூனிட், 17 நிமிஷம் போதும். நாள் முழுக்க விட்டா டேங்க் சுவர் வழியா போற சூட்டுக்கும் சேர்த்துக் காசு. கீசர் மேல ஒட்டியிருக்கற ஸ்டார் எதை வச்சுக் குடுக்கறாங்கன்னு தெரியுமா? அந்த நிலை இழப்பை வச்சுத்தான்.

அண்ணாநகர்_ரவி:
எங்க வீட்ல அஞ்சு பேர் வேற வேற நேரத்துல குளிக்கிறாங்க. ஒவ்வொருத்தரும் 17 நிமிஷம் காத்திருக்கணுமா?

வயர்மேன்_மூத்தவர்:
அது வசதி. நீங்க பேசினது பில்லைப் பத்தி.

செம்புக்கம்பி:
அதை அப்புறம் வச்சுக்கலாம். தாம்பரம்வாசி, எலிமெண்ட் மாத்தும்போது கேஸ்கெட்டும் புதுசு போடுங்க, பழசு கசியும். டேங்க் அரிக்காம இருக்க தானே கரையற ஆனோடு ராடையும் பாருங்க, கரைஞ்சு கம்பி மட்டும் நின்னா மாத்திடுங்க, இல்லன்னா அடுத்து டேங்க் ஓட்டை விழும். உப்பு தண்ணிக்கு செம்பைவிட இன்கோலாய்ங்கற நிக்கல் கலவை உறை போட்ட எலிமெண்ட் தாங்கும். தெர்மோஸ்டாட் 50க்கு மேல வேண்டாம், சூடு கூடக்கூட உப்பு வேகமாப் படியும். ஹாட் குழாய்ல தண்ணி காத்தில்லாம ஒரே சீரா வந்தப்புறம்தான் சுவிட்ச் போடணும். காலி டேங்க்ல ஆன் பண்ணா புது எலிமெண்டும் அப்பவே போயிடும்.

தாம்பரம்வாசி:
வயரைக் கழட்டிப் பாத்தோம், விழல. எலிமெண்ட்ல நீளமா ஒரு கீறல், உப்பு விரல் தடிமன். எலிமெண்ட், கேஸ்கெட், ராடு மூணும் மாத்தியாச்சு. ஓடுது. நன்றிங்க.

சேலத்தான்:
ஸ்டெபிலைசர் போட்டீங்களா?