வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்தும் கத்தரியில் புழு சாகவில்லையே?

கேள்வி:
இந்தப் பருவம் முதல் கத்தரிக்கு இரசாயன மருந்து வேண்டாம் என முடிவு செய்து, 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசலைத் தெளித்தேன். மறுநாளும் இலைகளில் புழுக்கள் உயிருடன் ஊர்கின்றன. நுனித்தண்டுகள் ஆங்காங்கே வாடித் தொங்குகின்றன. கரைசலில் குறையா, இந்த முறையே பலன் தராதா? மண்ணையும் நன்மை செய்யும் பூச்சிகளையும் கெடுக்காத வழி இருந்தால் சொல்லுங்கள்.

மறுமொழி 1:
வணக்கம். இலைப்புழு மறுநாளே சாகவில்லை என்பதற்காகக் கரைசலைக் குறை சொல்ல வேண்டாம். வேம்பிலுள்ள அசாடிராக்டின் பட்டவுடன் கொல்லும் நஞ்சன்று. புழு தின்பதைக் குறைத்து, தோலுரித்து வளர விடாமல் தடுத்து, சில நாள்களில்தான் அதை வீழ்த்தும். எனவே புழு அசைகிறதா என்பதை விட, இலையில் புதிய கடிதடம் விழுகிறதா என்று பாருங்கள். லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்புத்தூளை இரவு முழுவதும் ஊறவைத்து, வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து அன்றே பயன்படுத்த வேண்டும். வெயிலில் அதன் வீரியம் விரைவில் சிதைவதால் மாலையில், இலையின் அடிப்புறமும் நனையும்படி தெளியுங்கள்.

மறுமொழி 2:
நுனி வாடுவது வேறு சிக்கல். வாடிய தண்டு ஒன்றைக் கிள்ளி நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே கழிவு அடைந்த துளையும் வெளிறிய அல்லது இளஞ்சிவப்பான புழுவும் இருந்தால், அது தண்டு மற்றும் காய்த்துளைப்பான். முட்டையிலிருந்து வெளிவந்த சில மணி நேரத்தில் அது தண்டுக்குள் புகுந்துவிடும் என்பதால், மேலே தெளிக்கும் வேம்பு மட்டுமல்ல, இரசாயன மருந்துகளில் பலவும் அதை எட்டுவதில்லை. ஆகவே பழைய மருந்துக்குத் திரும்புவதால் இந்தச் சிக்கல் தீராது. வாடிய நுனிகளையும் துளை விழுந்த காய்களையும் தவறாமல் வெட்டி, வயலுக்கு வெளியே கொண்டுபோய் அழியுங்கள். வரப்போரம் வீசினால் அங்கேயே கூட்டுப்புழுவாகி, அந்துப்பூச்சியாகத் திரும்பி வரும். பெண் அந்துப்பூச்சியின் வாசனையைப் பயன்படுத்தும் இனக்கவர்ச்சிப் பொறி ஆண் அந்துப்பூச்சிகளை மட்டுமே ஈர்க்கும்; ஆயினும் அதில் விழும் எண்ணிக்கை கூடுவது, முட்டையிடும் காலம் நெருங்குவதைக் காட்டும். அந்த நேரத்தில் டிரைக்கோகிரம்மா என்ற மிகச் சிறிய குளவியான முட்டை ஒட்டுண்ணியை விட்டால், அது துளைப்பானின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு, புழு பிறக்கும் முன்பே அழித்துவிடும். ஒட்டுண்ணியை விட்ட வயலில் பலவகைப் பூச்சிகளையும் கொல்லும் மருந்தைத் தெளித்தால் முதலில் மடிவது அதுதான்.

மறுமொழி 3:
இலைப்புழுக்கள் இளம் பருவத்தில் இருந்தால் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் பாக்டீரியாவையும் தெளிக்கலாம். தின்ற புழுவின் குடலைத்தான் அது தாக்கும்; வளர்ந்த புழுக்களிடம் பலன் குறைவு. புகையிலைக் கரைசலை யாரேனும் பரிந்துரைத்தால் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்; அதிலுள்ள நிகோட்டின் தோல் வழியாகவே உடலில் ஏறும் கடும் நஞ்சு. சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி தென்பட்டாலும் உடனே எதையும் தெளிக்காமல், பக்கத்தில் அதைத் தின்னும் பொறிவண்டுகளும் அவற்றின் புழுக்களும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அவற்றுக்குச் சில நாள் அவகாசம் கொடுங்கள்.