சின்ன அறையில் ரேசிங் சிம்: மேசையா, மடக்கு சீட்டா?

வளைவு27:
படுக்கையறை மூலையில் 120 × 150 செ.மீ. இடம்தான் இருக்கு. பார்ட்டிக்கிள் போர்டு மேசை, ஆபீஸ் சேர், 27 இன்ச் மானிட்டர். கார் ரேஸ் கேம் ஓட்ட ஸ்டீயரிங் வீல் வாங்கணும்: லாஜிடெக் ஜி29 போதுமா, மோசா ஆர்5 எடுக்கலாமா?

தடம்:
முதலில் மேசையைப் பாருங்க. ஆர்5-இன் முறுக்குவிசை, அதாவது வீல் கையைத் திருப்பும் பலம், 5.5 நியூட்டன் மீட்டர். ஜி29 அதில் பாதிகூட வராது. பார்ட்டிக்கிள் போர்டு விளிம்பில் வீலைப் பிடிக்கும் கிளாம்பை இறுக்கினால், உள்ளே இருக்கும் மரத்தூள் மெல்ல நொறுங்கி பிடிப்பு விட்டுடும். கிளாம்புக்கு மேலும் கீழும் 12 மி.மீ. பிளைவுட் துண்டு வையுங்க, அழுத்தம் பரவும். கிளாம்ப் எவ்வளவு திறக்கும்னு முன்னாடியே அளந்துக்கோங்க. ஜி29-இல் பல்சக்கரம் கடகடன்னு சத்தம் போடும். ராத்திரி ஓட்டினால் பக்கத்து அறைக்குக் கேட்கும்.

பிரேக்பாயிண்ட்:
வீலைவிட பெடல்தான் தலைவலி. பிரேக்கை மிதிச்சா சேர் பின்னால் ஓடும், பெடல் முன்னால் நகரும். பெடலைச் சுவரோடு ஒட்டி, நடுவில் ஒரு கட்டை வையுங்க. சேரின் நடுத்தண்டையும் பெடலையும் பட்டையால் இழுத்துக் கட்டுங்க. லோட்செல் பிரேக் (மிதிக்கும் அழுத்தத்தை அளக்கும் பெடல், பலமா மிதிக்கணும்) எடுக்கிறதா இருந்தா இது தாங்காது, வீலையும் பெடலையும் அதிலேயே பொருத்தும் பிளேசீட் சேலஞ்ச் மாதிரி மடக்கு சீட்டுக்கே போயிடுங்க. மடக்கினால் கதவுக்குப் பின்னால் நிற்கும்.

அபெக்ஸ்:
மானிட்டரை வீலுக்குப் பின்னாலேயே நெருக்கி வையுங்க. 27 இன்ச் திரை 60 செ.மீ. அகலம், கண்ணிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருந்தால் பார்வைக்கோணம் கிடைமட்டத்தில் 53 டிகிரி. அசெட்டோ கோர்சா கேம் செட்டிங்கில் செங்குத்துக் கோணம் கேட்கும், அங்கே 31 போடுங்க. ஆரம்பத்தில் குறுகலாத் தெரியும், ஆனா பிரேக் போடும் இடம் துல்லியமாப் பிடிபடும்.