பொங்கல் ஊர்சுத்தல் – வீராணம் பிளான்

கவிதா (8:12): ஞாயித்துக்கிழமை வேன் பேசியாச்சு. கும்பகோணத்துல 6 மணிக்குக் கிளம்பி நேரா வீராணம் ஏரி, அப்புறம் கோயில்லாம். சரிதானே மாமா?

செல்வம் மாமா (8:20): தலைகீழா போட்டிருக்கியேம்மா. கோயில்லாம் 12 மணிக்கு நடை சாத்திட்டா 4க்குதான் திறப்பாங்க, சின்ன ஊர்ல 11க்கே பூட்டிடுவாங்க. ஏரியை எவனும் பூட்டமாட்டான். காலையில கோயில், சாயங்காலம் ஏரி.

பிரபு (8:22): போட்டோவுக்கு காலைதானே மாமா நல்லாருக்கும்?

செல்வம் மாமா (8:25): ரெண்டும் உண்டுடா. கரை ஏரிக்குக் கிழக்க இருக்கு. காலையில வெயில் முதுகுப் பக்கம், பறவை பளிச்சுனு தெரியும். சாயங்காலம் சூரியன் தண்ணிக்குள்ளயே இறங்கும். குடும்பத்தோட போறப்போ சாயங்காலம்தான்.

ராஜி அத்தை (8:31): 5 மணிக்கே கிளம்புங்க. அணைக்கரைல பத்து நிமிஷம், அப்புறம் நேரா கங்கைகொண்ட சோழபுரம். அங்க 10 மணிக்கு மேல கல்தரைல வெறுங்காலோட நிக்க முடியாது, பிள்ளைங்க அழும். கையில ஒரு ஜோடி பழைய சாக்ஸ் வச்சுக்கோங்க.

கவிதா (8:33): அங்க எதை விடாம பாக்கணும் அத்தை?

ராஜி அத்தை (8:39): வடக்கு வாசல் படிகிட்ட, சிவபக்தர் சண்டேசருக்கு சிவன் தலையில பூமாலை சுத்துற சிற்பம். மாலையைப் பிடிச்சிருக்கிற விரலைப் பாரு, சண்டேசர் குனிஞ்சு கைகூப்பியிருக்கிறதைப் பாரு. எதிர்ல சரஸ்வதி. விமானத்தை தூர நின்னு பாருங்க. தஞ்சாவூர் நேரா நிமிர்ந்து போகும், இது உள்வாங்கி வளைஞ்சு போகும். அப்பா ராஜராஜன், மகன் ராஜேந்திரன், குணமே வேற!

பிரபு (8:41): அணைக்கரைல என்ன இருக்கு?

செல்வம் மாமா (8:47): அதைப் பாக்காம ஏரி புரியாதுடா. 1836ல வெள்ளைக்கார எஞ்சினியர் காட்டன் துரை கொள்ளிடத்துக்குக் குறுக்க கட்டின கீழணை. அங்கேருந்து பிரியுற வடவாறுதான் வீராணத்துக்கு உயிர். மேட்டூர்ல திறந்த தண்ணி முக்கொம்பு, கொள்ளிடம், கீழணை, வடவாறுன்னு வந்து சேரும். அதனாலதான் ஏப்ரல், மே மாசம் போனா பல வருஷம் வெறும் விரிசல் மண்ணுதான். தை மாசம் தண்ணியும் இருக்கும், பறவையும் இருக்கும். பாலம் குறுகல், வேனை மேல நிறுத்த வேணாம்.

கவிதா (8:50): பேப்பர்ல ஏரி 47.5 அடின்னு போடுறாங்களே, அவ்ளோ ஆழமா? பிள்ளைங்களை இறக்கலாமா?

செல்வம் மாமா (8:56): அது ஆழம் இல்லம்மா, நீர்மட்டக் குறியீடு. முழுக் கொள்ளளவே 1.465 டிஎம்சி. 16 கி.மீ. நீளத்துல அது பரவினா சராசரி இடுப்பளவு வந்தா அதிகம். ஆனா இறக்காதே. அடியில சேறு காலை வாங்கும், மதகுகிட்ட இழுப்பு. 2004ல இருந்து சென்னைக்குக் குடிக்கப் போற தண்ணி வேற.

ராஜி அத்தை (9:04): காட்டுமன்னார்கோயில்ல வீரநாராயணப் பெருமாள் கோயில். ஏரியை வெட்டின சோழ ராஜா முதலாம் பராந்தகனோட பட்டப்பேரு வீரநாராயணன், அது தேஞ்சுதான் வீராணம். வைணவ ஆச்சாரியர் நாதமுனி பிறந்த ஊர். பக்கத்துலயே உடையார்குடி அனந்தீஸ்வரர். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்னவங்க பேரு வர்ற கல்வெட்டு அங்க. சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன். பொன்னியின் செல்வன் நாவல் படிச்சுட்டு வர்றவங்க எழுத்து புரியாம திகைச்சு நிப்பாங்க. குருக்களைக் கேட்டா இடம் காட்டுவார்.

பிரபு (9:06): மதியம்?

ராஜி அத்தை (9:10): கட்டுச்சோறு. புளியோதரை நான் கட்டித் தரேன். 4 மணிக்கு மேலக்கடம்பூர். குலோத்துங்கன் காலத்து கரக்கோயில், தேர் மாதிரி சக்கரம், இழுக்குற குதிரை எல்லாம் கல்லுல. காளை மேல ஆடுற பத்துக்கை சிவன், வங்காளத்துப் பால ராஜாக்கள் பாணிச் செப்புத் திருமேனி, பிரதோஷத்தன்னைக்குத்தான் வெளிய வரும். காலண்டரைப் பாத்துட்டு தேதி வை.

கவிதா (9:14): அச்சச்சோ, ஞாயிறு பிரதோஷம் இல்ல. வெள்ளிக்கிழமை இருக்கு.

செல்வம் மாமா (9:17): அப்போ வெள்ளி. பிரதோஷ பூஜை 6 மணி வரை இழுக்கும், கடம்பூர்லயே இருந்தா சூரியன் இறங்குறது போயிடும். 5க்குக் கிளம்பிடணும்.

ராஜி அத்தை (9:18): பிரதோஷத்தைப் பாதில விட்டுட்டா? நான் வரமாட்டேன்.

செல்வம் மாமா (9:21): சரிக்கா, உங்களுக்காக ஏரியை 3 மணிக்கு வச்சிருவோம். லால்பேட்டைலேருந்து சேத்தியாத்தோப்பு பக்கம் போங்க, தண்ணி இடது கைப்பக்கம், ஓரம்கட்ட சுலபம். திரும்பி வர்றப்போ கரும்பு டிராக்டர் எதிர்ல வந்தா ஒதுங்க இடமே இருக்காது. பாதியிலேயே திரும்பிடுங்க.

கவிதா (9:23): டிரைவரண்ணன்கிட்ட வெள்ளி முடியுமான்னு கேட்டுட்டு சொல்றேன்.