ஆர்ட்டெமிஸ் தலையில் பிறை வரையலாமா?

தூரிகை:
படவரிசை ஒன்றுக்குக் கிரேக்கத் தெய்வம் ஆர்ட்டெமிஸை வரைய வேண்டும். காலம் கி.மு. 5-ஆம் நூற்றாண்டு, இடம் ஏதென்ஸ். வேட்டைக்கும் நிலவுக்கும் அவளே தெய்வம் என்று பல இடங்களில் போட்டிருக்கிறார்கள். தலையில் பிறை வைக்கலாமா? செலீனி என்று இன்னொருத்தியும் வருகிறாளே, அவள் யார்?

கல்தச்சன்:
பிறை வேண்டாம். அந்தக் காலத்து ஏதென்ஸில் நிலா என்றால் செலீனிதான். பார்த்தனான் கோயில் ஒன்றே போதும் (கி.மு. 447–432). கிழக்குப் பக்க சிற்ப வரிசையில் ஆர்ட்டெமிஸ் மற்ற தெய்வங்களோடு உட்கார்ந்திருக்கிறாள். அதே பக்கம், மேலே முக்கோண முகப்பின் வலது மூலையில் செலீனியின் தேர் இறங்குகிறது. அந்தத் தேர்க் குதிரையின் தலை லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது: விரிந்த மூக்கு, பிதுங்கிய கண், இரவெல்லாம் ஓடிக் களைத்த முகம். ஒரே கோயிலில் இருவரும் தனித்தனி ஆள். ரோமானியர் தங்கள் வேட்டைத் தெய்வமான டயானாவோடு ஆர்ட்டெமிஸை ஒன்றாக்கிய பிறகுதான் தலைப்பிறை பரவலானது.

கறுப்புக்கலயம்:
உடையிலும் கவனம் தேவை. முழங்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டிய ஆடை பிற்காலச் சிலைகளில்தான் அதிகம். உங்கள் காலத்துக்குப் பெரும்பாலும் கணுக்கால்வரை நீண்ட ஆடைதான். பாஸ்டன் அருங்காட்சியகத்தில் சுமார் கி.மு. 470-ஐச் சேர்ந்த மதுக்கலயம் ஒன்று இருக்கிறது. அதில் ஆக்டியோன் என்ற வேட்டைக்காரனை நாய்கள் கடித்துக் குதற, அவள் நீள உடையோடு நின்று வில்லை இழுக்கிறாள். நல்ல மாதிரி, அப்படியே பின்பற்றலாம். பக்கத்தில் மான் சேர்த்தால் பொருந்தும். தீப்பந்தமும் அவளுக்கு உண்டு. ஆனால் வில், அம்பறாத்தூணி இல்லாமல் பந்தம் மட்டும் கொடுத்தால் பந்தம் ஏந்தும் இன்னொரு தெய்வமான ஹெகேட் என்று நினைத்துவிடுவார்கள்.

தூரிகை:
நன்றி. நிலவை முழுக்க விட்டுவிட மனமில்லை. எபேசஸ் நகரத்து ஆர்ட்டெமிஸ் சிலையிலிருந்து ஏதாவது எடுக்கலாமா?

கல்தச்சன்:
எபேசஸை எடுக்காதீர்கள். மார்பு முழுக்க முட்டை முட்டையாகத் தொங்கும் அந்த உருவம் ஆசியா மைனரின் (இன்றைய துருக்கிப் பகுதி) மரபு. இன்று கிடைக்கும் பிரதிகளும் ரோமானியர் காலத்தவை.

கறுப்புக்கலயம்:
நிலவுக்கு ஏதென்ஸிலேயே வழி இருக்கிறது. ஏதென்ஸ் நாட்காட்டியில் மூனிக்கியோன் மாதம் 16-ஆம் நாள், பைரேயஸ் துறைமுகத்தை ஒட்டிய மூனிக்கியா குன்றில் ஆர்ட்டெமிஸுக்குத் திருவிழா. சுற்றிலும் சிறு தீபங்கள் ஏற்றிய பணியாரத்தைப் படைப்பார்கள். அமாவாசையை அடுத்து மாதம் பிறப்பதால் 16 என்பது ஏறக்குறைய பௌர்ணமி. சலாமிஸ் போரில் (கி.மு. 480) கிரேக்கர் பாரசீகரை வென்றபோது அவள் முழுநிலவாக ஒளி வீசினாள் என்று புளூட்டார்க் இந்த நாளோடு சேர்த்து எழுதுகிறார். அவர் பின்னாள் ஆசிரியர் என்பதால் தலையில் பிறை வைக்க அது ஆதாரமாகாது. வானத்தில் முழுநிலா, அவள் காலடியில் தீபப் பணியாரம் என்று வரையுங்கள்.