புதுநன்மை (முதல் நற்கருணை) விருந்து: சாப்பாட்டுப் பட்டியல்

புதன்

சித்தி: ஞாயிறு மதியம் மட்டன் பிரியாணி, கத்தரிக்காய், தயிர்ப் பச்சடி, சிக்கன் 65, பிரெட் அல்வா. காலையில் இடியாப்பம், சொதி. ராத்திரி பிள்ளைகளுக்குப் பரோட்டா. கோதுமை ஆகாத உனக்கு மட்டும் என்ன செய்ய என்று தெரியவில்லை மக்கா 🤔

நான்: தனியாக ஒன்றும் வேண்டாம் சித்தி. இதிலேயே பாதி எனக்கு ஒத்துக்கொள்ளும்.

பெரியம்மா: சப்பாத்தி, பரோட்டா வேண்டாம் அவ்வளவுதானே? நம்ம வீட்டில் எப்பவும் அரிசிதான். இதில் என்ன கஷ்டம்?

நான்: நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன் பெரியம்மா. உங்கள் அஞ்சறைப் பெட்டிப் பக்கத்தில் இருக்கும் பெருங்காய டப்பாவை எடுத்து, பின்னால் இருக்கும் சின்ன எழுத்தைப் படித்துப் பாருங்கள்.

பெரியம்மா: கண்ணாடியைக் காணோம். பேரன் படிக்கிறான், இரு.

பெரியம்மா: கோந்து, கோதுமை மாவு, பெருங்காயம் என்று போட்டிருக்கிறதாம்! இத்தனை வருஷம் மாவையா சாம்பாரில் போட்டேன்?

ஜெனி: 😂 அசல் பெருங்காயம் ரொம்பக் காரமான பிசின் பெரியம்மா. அப்படியே போட முடியாது, அதனால்தான் மாவும் கோந்தும் கலந்து விற்கிறார்கள். கட்டியாக வாங்கினாலும் பெரும்பாலும் கலவைதான். அரிசி மாவு கலந்ததும் கிடைக்கிறது, தேடி வாங்க வேண்டும்.

நான்: நான் தேடுவதை விட்டுவிட்டேன். ரசத்துக்குப் பூண்டைத் தட்டிப் போட்டால் போதும். ஆனால் கடை முறுக்கு, மிக்சர், அப்பளம், ஊறுகாய் எல்லாவற்றிலும் பெருங்காயம் இருக்கலாம். சப்பாத்தியை விட்டது ஒரு நாள் வேலை, இதை எல்லாம் பார்ப்பதுதான் தினசரி வேலை.

மதுரை மாமா: சம்பா கோதுமை பழைய ரகம், அது ஒன்றும் செய்யாது என்று ஒருவர் சொன்னார். ரவையாக வாங்கிக் கஞ்சி வைத்துக் குடியேன்.

ஜெனி: மாமா, எந்தக் கோதுமையிலும் குளூட்டன் என்கிற புரதம் உண்டு, அக்காவுக்கு ஆகாதது அதுதான். பார்லியிலும் உண்டு. ரவை, சேமியா, மைதா எல்லாம் கோதுமையே.

பெரியம்மா: அப்போ ஹார்லிக்ஸாவது குடி. ரத்தமே இல்லாமல் வெளுத்துப்போய் இருக்கிறாய்.

நான்: அதிலும் கோதுமையும் பார்லியும் இருக்கிறது பெரியம்மா 🙏 ரத்தம் குறைந்ததே இந்த நோயால்தான். இரும்புச்சத்து மாத்திரையாக விழுங்கினேன், ஏறவே இல்லை. சிறுகுடல் உறிஞ்சினால்தானே ஏறும்? கோதுமையை நிறுத்திய பிறகுதான் அதே மாத்திரை வேலை செய்கிறது.

சித்தப்பா: இது அலர்ஜியா?

ஜெனி: இல்லை சித்தப்பா. குளூட்டன் உள்ளே போனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் விரல் மாதிரியான குடலுறிஞ்சிகள் தேய்ந்து போகும். இதற்குப் பெயர் சீலியாக். மருந்து கிடையாது, சாப்பாடுதான் வைத்தியம்.

மதுரை மாமா: வடக்கே இருக்கிறவர்களுக்கு வருவது என்று கேள்விப்பட்டேன். நமக்கெல்லாம் எப்படி?

ஜெனி: 2016இல் வந்த ஆய்வில் வடக்கில் நூற்றில் ஒருவருக்கும் கொஞ்சம் அதிகம், தெற்கில் ஆயிரத்தில் ஒருவர். மரபணு இரண்டு பக்கமும் பெரிதாக மாறவில்லை, கோதுமை தின்கிற அளவில்தான் பெரிய வித்தியாசம். இப்போது நம் பக்கமும் ராத்திரி ஆனால் சப்பாத்திதானே மாமா.

வியாழன்

அண்ணன்: (வீடியோ: பல முறை பகிரப்பட்டது) எல்லாரும் பாருங்கள். கோதுமையே விஷமாம். எனக்கும் வயிறு உப்புசம் இருக்கிறது, நானும் இன்றிலிருந்து நிறுத்தப்போகிறேன்.

ஜெனி: அண்ணா நிறுத்தாதீர்கள்!!

அண்ணன்: ஏன்? நல்லதுதானே?

ஜெனி: மற்றவர்களுக்குக் கோதுமை விஷம் எல்லாம் இல்லை. ஆனால் நீங்கள் அக்காவுடன் பிறந்தவர். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் பத்தில் ஒருவருக்கு வரை இது இருக்கலாம். முதலில் சீலியாக் இருக்கிறதா என்று பார்க்கும் டிடிஜி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கோதுமையை நிறுத்திவிட்டுப் போனால் ரத்தத்திலும் சரி, எண்டோஸ்கோப்பியில் சதை எடுத்துப் பார்த்தாலும் சரி, தெரியாமல் போகலாம். அப்புறம் பரிசோதனைக்காகவே பல வாரம் திரும்பக் கோதுமை சாப்பிடச் சொல்வார்கள்.

மதினி: சரியாகச் சொன்னாய் ஜெனி. சனிக்கிழமை காலை நானே கூட்டிப்போகிறேன். அதுவரை இவருக்குச் சப்பாத்திதான்.

அண்ணன்: 😐

மதினி: உனக்கு இங்கே பிஸ்கட் பார்த்தேன். ஒன்றில் குளூட்டன் இல்லாதது என்றும், இன்னொன்றில் குறைந்த குளூட்டன் என்றும் இருக்கிறது. இரண்டாவது விலை கம்மி. எது வேண்டும்?

நான்: முதலாவது மதினி. இல்லாதது என்று போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். குறைந்தது என்றால் 100 வரை போகலாம், அது எனக்கு ஆகாது. விலையைப் பார்த்தால் பிஸ்கட்டே வேண்டாம், கடலை மிட்டாய் போதும்.

பெரியம்மா: கொஞ்சம் குறைத்துச் சாப்பிட்டால் போதாதா? ஆசைக்கு ஒரு வாய் சாப்பிட்டால் என்ன ஆகிவிடப்போகிறது?

நான்: வயிறு வலிக்காமல் கூட இருக்கலாம் பெரியம்மா. வலிக்காவிட்டாலும் உள்ளே குடல் கெட்டுக்கொண்டுதான் இருக்கும். என் வீடே அல்வாக் கடைத் தெருவில் இருக்கிறது. திருநெல்வேலி அல்வா கோதுமைப் பாலில்தானே கிண்டுகிறார்கள்! தினமும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன், நீங்களும் சேர்ந்து ஆசை காட்டாதீர்கள் 😭

சித்தப்பா: அல்வா போனால் போகட்டும். தூத்துக்குடி மக்ரூன் இருக்கிறதே! முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரி. மாவே கிடையாது.

நான்: சித்தப்பா ❤️ ஆனால் பேக்கரியில் கேக், பிரெட் வைக்கிற தட்டிலேயே வைப்பார்கள். தூள் ஒட்டும்.

சித்தப்பா: மக்ரூன் போடுகிற ஆள் பழக்கம்தான். கழுவிய தட்டில் புதுக் காகிதம் விரித்துத் தனியாகப் போடச் சொல்கிறேன். மாவு எடுக்காத நேரமாகப் பார்த்துப் போகிறேன்.

சித்தி: இடியாப்ப மாவுக்கு அரிசி கழுவிக் காயப் போட்டிருக்கிறேன். நாளை மில்லில் கொடுத்து அரைக்க வேண்டும்.

நான்: அங்கேதான் சிக்கல் சித்தி. முன்னால் யாராவது கோதுமை அரைத்திருந்தால் அந்த மாவு நம் அரிசியில் விழும். எனக்குக் காலையில் இட்லி போதும், நம் வீட்டுக் கிரைண்டரில் ஆட்டியது.

சித்தி: எனக்குத் தேங்காய்ப் பால் சொதியும் இடியாப்பமும் சேர்த்து உனக்குத் தர வேண்டும். ஒரு படி அரிசியை மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொள்கிறேன், போ.

ஜெனி: சல்லடை கோதுமை மாவு சலித்ததாக இருக்க வேண்டாம் சித்தி.

சித்தி: புதுச் சல்லடை வாங்கச் சொல்லிவிட்டேன் 😄

வெள்ளி

சித்தி: சமையல்காரரிடம் பேசினேன். சிக்கன் 65க்கு மைதா கலப்பாராம். அரிசி மாவும் சோள மாவும் போடச் சொல்லிவிட்டேன். முகத்தைச் சுளித்தார், சரி என்றார்.

நான்: எண்ணெயும் புதுசாக இருக்க வேண்டும் சித்தி. சமோசா, பூரி பொரித்த எண்ணெய் வேண்டாம்.

சித்தி: அப்போ முதல் ஈடு உனக்கு. பிரியாணிக்கு மசாலா நான் வீட்டில் வறுத்து அரைத்ததுதான்.

பெரியம்மா: எல்லாம் சரி. கோயிலில் பூசையில் கொடுக்கும் நன்மை வாங்குவாயா? அந்த அப்பமும் கோதுமைதானே. எனக்கு ராத்திரியெல்லாம் இதே நினைப்பு.

நான்: பங்குச் சாமியாரிடம் கேட்டுவிட்டேன் பெரியம்மா. குளூட்டன் துளியும் இல்லாத அப்பம் செல்லாது, மிகக் குறைந்த குளூட்டன் உள்ளது செல்லும் என்று 2003லேயே ரோமிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அந்த வகை அப்பம் இங்கே இன்னும் வரவில்லை. திராட்சை இரசம் மட்டும் வாங்கினாலும் முழு நன்மைதான்.

மதுரை மாமா: சாமி அப்பத்தில் ஒரு துண்டைப் பிய்த்துக் கிண்ணத்தில் போடுவாரே?

நான்: அதனால்தான் எனக்கு வேறு சின்னக் கிண்ணம் வைப்பதாகச் சொன்னார் மாமா. பூசைக்கு முன்னால் சாமியார் உடை மாற்றுகிற சக்ரீஸ்து அறைக்குப் போய் ஞாபகப்படுத்த வேண்டும்.

பெரியம்மா: (குரல் பதிவு 0:48)

ஜெனி: பெரியம்மா அழுகிறார்களா?

பெரியம்மா: இல்லை, சளி. அந்த பழைய பெருங்காயத்தை வேலைக்காரப் பிள்ளைக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

நான்: தாராளமாக. அவளுக்கு ஒன்றும் செய்யாது 😄

சித்தி: ராத்திரி பரோட்டாவை வெளியே வாங்கிவிடலாம். வீட்டில் மாவு பறக்க வேண்டாம், தோசைக்கல்லும் சுத்தமாக இருக்கும். இவளுக்கு முட்டைத் தோசை.

சித்தப்பா: எனக்கும் முட்டைத் தோசை.

சித்தி: நீங்கள் பரோட்டாதான் தின்பீர்கள், எனக்குத் தெரியும். வாழை இலை யார் வாங்குவது? அதைச் சொல்லுங்கள் முதலில்.

மதுரை மாமா: நான் வரும்போது ஒரு கட்டு கொண்டுவருகிறேன்.